மூன்றரை நூல்: ஒரு ஜீப் யூ-போல்ட்டின் மரையைக் கண்டுபிடித்த விவரம்

எங்கள் பட்டறை உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், ராமேஸ்வரம் சாலையை ஒட்டி இருக்கிறது. இங்கே நிலம் ஒடுங்கி, வடகடலும் தென்கடலும் கிட்டத்தில் வந்துவிடும். வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் உப்பு எங்களைத் தேடி வரும். வண்டிக்கு அடியில் இருக்கும் இரும்பைப் பொறுத்தவரை இந்தக் கடற்கரைக்குத் தனி நியாயம் உண்டு. மதுரையில் பத்து வருஷம் தாங்குகிற நட்டு இங்கே மூன்றாவது வருஷமே உரிந்து வரும். கீழே சொல்லப்போகும் ஜீப்பில் நாங்கள் முதலில் தவறியதற்கும் அந்த உப்புதான் காரணம்.

வண்டி ஒரு பழைய மஹிந்திரா ஜீப். தனுஷ்கோடிக்குத் தார்ச்சாலை வருவதற்கு முன்னால், மணலிலும் கடல்தண்ணீர் தேங்கிய சேற்றிலும் ஆட்களை ஏற்றி அரிச்சல்முனைப் பக்கம் ஓடிய வண்டி. 2017-ல் சாலை திறந்தபிறகு அந்தப் பிழைப்பு நின்றுபோனது. இப்போது உடையவர் அதில் மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றுகிறார். அறுபதைத் தொட்டவர், கடலையும் அந்த ஜீப்பையும் தவிர வேறெதையும் நம்பாதவர். ஒரு நாள் காலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே சொன்னார்: “தம்பி, வண்டி நேராப் போகுது, ஆனா ஸ்டியரிங்கைக் கோணலாப் பிடிச்சாத்தான் நேராப் போகுது. கிளட்ச்சை விட்டதும் பின்னாடி ‘டொக்’குன்னு ஒரு சத்தம்.”

இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பின் ஆக்ஸில் இடம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரைக்கும் இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தோம். இடது பக்கம் 22 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது.

அடியில் படுத்துப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஜீப்பில் ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டையோடு சேர்த்துப் பிடிப்பது, ‘U’ எழுத்துப் போல வளைந்த யூ-போல்ட்டுகள். ஒரு ஸ்பிரிங்குக்கு இரண்டு யூ-போல்ட்டு, அதாவது நான்கு நட்டு. பட்டைகளின் நடுவே போகும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்ஸில் மேடையில் இருக்கும் குழியில் உட்கார்ந்து இடத்தைக் காட்டும். ஆனால் சுமையைப் பிடிப்பது சென்டர் போல்ட்டு இல்லை, யூ-போல்ட்டுகளின் இறுக்கம்தான். அந்த இறுக்கம் தளர்ந்தால், ஒவ்வொரு தடவை கிளட்ச்சை விடும்போதும் பிரேக் மிதிக்கும்போதும் ஆக்ஸிலின் தள்ளல் முழுவதும் அந்தச் சின்ன சென்டர் போல்ட்டின் மேல் விழும். கொஞ்ச நாளில் அது அறுந்துவிடும். இந்த வண்டியில் அறுந்தே போயிருந்தது.

அப்படியானால் யூ-போல்ட்டு ஏன் தளர்ந்தது? இடது பின்பக்கத்தின் நான்கு நட்டுகளில் இரண்டு பழசு, இரண்டு பின்னால் போட்டவை. பின்னால் போட்ட ஒன்றில் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். இறுகாத நட்டைக் கழன்று விழாமல் நிறுத்த யாரோ செய்த வேலை அது. யூ-போல்ட்டில் வெல்டு வைப்பது எனக்கு ஆகவே ஆகாது. சூடு பட்ட இடத்தில் இரும்பின் தன்மை மாறி, பிறகு அந்த இடத்திலேயே முறியும். பொட்டு இல்லாத இன்னொரு நட்டை ஸ்பேனரால் இறுக்கிப் பார்த்தேன். ஸ்பிரிங் வாஷர் பாதி அமுங்கியது, அடுத்த அரைச் சுற்றில் நட்டு ‘கடக்’கென்று வழுக்கியது. மரை, அதாவது போல்ட்டிலும் நட்டிலும் சுற்றி ஓடும் புரி, கடிக்கவில்லை.

முதல் தவறு

பழைய இரண்டு நட்டுகளையும் எண்ணெய் ஊற்றி, ஒரு ராத்திரி ஊறவிட்டுக் கழற்றினோம். அதற்கே ஒரு சங்கடம். 17 ஸ்பேனர் உள்ளே போகவில்லை, 18 போட்டால் ஆடியது. துருப்பிடித்த நட்டு, முனை தேய்ந்திருக்கும் என்று நினைத்துப் பைப் ரிஞ்ச் போட்டுக் கழற்றிவிட்டோம். அந்த ஸ்பேனர் கணக்கை அப்போதே நின்று யோசித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

போல்ட்டின் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியை விட்டம் அளக்கும் வெர்னியரில் பிடித்தால் 10.7 மில்லி. கம்பி பிரஷ் போட்டு, நட்டுக்குள் மறைந்திருந்த, துரு அவ்வளவாக ஏறாத இடத்தில் பிடித்தால் 10.98. பட்டறைக்கு வருகிற கார்களில் நாங்கள் தினமும் பார்ப்பது 10, 12, 14. பதினொன்று எங்கிருந்து வந்தது? மரைகளின் இடைத்தூரமான பிட்ச்சை அளக்கும் கேஜை எடுத்து 1.25 பல்லை வைத்தேன், அழகாக உட்கார்ந்தது. ஆக 11 மில்லி, 1.25 பிட்ச் என்று நோட்டில் எழுதிவிட்டேன். மெட்ரிக் அட்டவணையில் எம்11 என்று ஓர் அளவு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது மூன்றாம் விருப்ப வரிசையில் கிடக்கும் அளவு. சாதாரண வேலைக்கு யாரும் எடுப்பதில்லை. அப்படி ஒரு நட்டு ராமநாதபுரத்தில் எந்தக் கடையிலும் இல்லை. மதுரைக்குப் போன் போட்டால் அங்கேயும் “பதினொண்ணா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணே” என்றார்கள்.

எனக்கு முன்னால் இந்த வண்டியைத் தொட்டவரும் இதே இடத்தில்தான் இடறியிருக்கிறார். பின்னால் போட்டிருந்த நட்டு எம்12×1.25 (12 மில்லி விட்டம், 1.25 பிட்ச்), சின்னக் கார்களில் சாதாரணமாகக் கிடைப்பது. கையில் வைத்துத் திருகினால் இந்தப் போல்ட்டில் லேசாகப் போகும். பிட்ச்சும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் நடுவில் முட்டாது. ‘கொஞ்சம் லூஸ், ஆனா மரை ஏறுது’ என்று தோன்றும். உண்மையில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்12×1.25 நட்டின் உள்துளை சுமார் 10.65-லிருந்து 10.9 வரைக்கும் இருக்கும். போல்ட்டின் வெளிவிட்டம் 10.98. நட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு 0.16 மில்லிக்கு மேல் கடிக்க வழியில்லை. சரியான நட்டு அந்த இடத்தில் ஒரு பக்கத்துக்கு அரை மில்லிக்கு மேல் கடிக்க வேண்டும். சாதாரண காகிதம் ஒன்றரைத் தாள் கனத்தில் ஓர் ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டியில் மனிதர் தினமும் பாம்பன் பாலத்தைக் கடந்து போய்வந்திருக்கிறார். அதை நினைத்து அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

லேத் பாய்

மறுநாள் யூ-போல்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, எங்களுக்கு எப்போதும் லேத் வேலை செய்து தருகிற பாயிடம் போனேன். விசைப்படகுகளின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் பழைய டீசல் இன்ஜின் சாமான்களும்தான் அவருக்கு முக்கால்வாசி வேலை. படகுப் பக்கம் இஞ்சுக் கணக்கு இன்னும் சாகவில்லை. போல்ட்டை வாங்கி, கட்டைவிரல் நகத்தை மரையின் மேல் ஒரு தடவை ஓட்டினார்.

“என்ன தம்பி, இதுக்கா பதினொண்ணுன்னு அலையுறீங்க? இது மூணரை நூலு.”

நூல் என்பது நம் கொத்தர்களும் பட்டறைக்காரர்களும் புழங்கும் அளவு. ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். மூன்று நூல் கம்பி என்றால் எட்டில் மூன்று இஞ்சு. மூன்றரை நூல் என்றால் பதினாறில் ஏழு இஞ்சு, அதாவது 11.11 மில்லிமீட்டர். போல்ட்டின் வெளிவிட்டம் எப்போதும் சொல்லும் அளவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கடையப்படும். புதிய மூன்றரை நூல் ஃபைன் (நெருக்க மரை) போல்ட்டே 10.87-லிருந்து 11.08 வரைக்கும் இருக்கலாம். என் 10.98 அதற்குள் அப்படியே விழுகிறது.

விட்டம் புரிந்துவிட்டது. ஆனால் எந்த மரை? பாய் “பிஎஸ்எஃப்-ஆ இருக்கும், பாருங்க முனையெல்லாம் உருண்டையா இருக்கு” என்றார். பிஎஸ்எஃப் என்பது பிரிட்டிஷ் ஃபைன் மரை. அந்த விட்வொர்த் குடும்பத்து மரைக்குக் கோணம் 55 பாகை, முகடும் பள்ளமும் உருண்டையாக இருக்கும். 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த முறை அது. அமெரிக்க வழிக்கும் மெட்ரிக்குக்கும் 60 பாகை, முகடு தட்டையாக இருக்கும். பாய் சொன்னதில் நியாயம் இருந்தது, முகடு உருண்டையாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் செய்தது விட்வொர்த்தா, தனுஷ்கோடித் தண்ணீரா? துரு எப்போதும் கூரான முனையை முதலில் தின்னும். பதினைந்து வருஷம் உப்பில் கிடந்தால் எந்த மரையும் முகடு மழுங்கி உருண்டையாகத்தான் தெரியும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். இந்தக் கடற்கரையில் விட்டம் பொய் சொல்லும், முகட்டின் வடிவம் பொய் சொல்லும், நட்டின் வெளி அளவும் பொய் சொல்லும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டும் துருவால் தொட முடியாது. முகடு எவ்வளவு கரைந்தாலும் அதன் நடு அதே இடத்தில்தான் இருக்கும். (இழுபட்டு நீண்ட போல்ட்டில் மட்டும் இது செல்லாது, ஆகவே முறுக்கு வாங்காத பகுதியில் எண்ண வேண்டும்.) அதனால் இங்கே மரையை அடையாளம் காண வேண்டுமென்றால் பிட்ச்சிலிருந்து ஆரம்பித்து விட்டத்துக்கு வர வேண்டும். நான் தலைகீழாகப் போயிருந்தேன்.

பிட்ச்சை எடுத்ததிலும் எனக்குத் தவறு நேர்ந்திருந்தது. இஞ்சுக்கு 20 மரை என்றால் ஒரு மரைக்கு 1.27 மில்லி. மெட்ரிக்கில் 1.25. வித்தியாசம் 0.02. நாலைந்து பல்லில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, துருவுக்குள் அது மறைந்துபோகும். நீளமாக எடுத்தால்தான் பிடிபடும். யூ-போல்ட்டில் ஒரு நல்ல விஷயம், மரை நீளமாக இருக்கும். இதில் இரண்டு இஞ்சுக்கு மேல் இருந்தது. மெல்லிய வெள்ளைத் தாளை மரையின் மேல் வைத்து இறுக்கிப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தோம். தாளில் கோடு கோடாக விழுந்தது. நாற்பது இடைவெளி எண்ணி ஸ்டீல் ஸ்கேலில் வைத்தால் 50.8. மெட்ரிக் 1.25-ஆக இருந்தால் சரியாக 50 வர வேண்டும். ஸ்கேலைத் திருப்பி இஞ்சுப் பக்கம் வைத்தேன். முதல் கோடு பூஜ்யத்தில், இருபத்தோராவது கோடு ஒன்றில், நாற்பத்தோராவது கோடு இரண்டில். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். “இருபது. அப்ப பிஎஸ்எஃப் இல்ல” என்று அவரே சொன்னார்.

ஏனென்றால் மூன்றரை நூல் பிஎஸ்எஃப்-க்கு இஞ்சுக்கு 18 மரை. விட்வொர்த் கோர்ஸுக்கு (அகல மரை) 14. அமெரிக்க வழி கோர்ஸுக்கும் 14-தான். பழைய புல்லட்டில் பார்க்கிற சைக்கிள் மரைக்கு இஞ்சுக்கு 26. கார், ஜீப் வகையில் மூன்றரை நூலும் இருபது மரையும் சேர்ந்து வருவது யூஎன்எஃப் என்ற அமெரிக்க வழி ஃபைன் மரை ஒன்றுதான். ஜீப்புக்கு அதுவே பொருத்தம். 1940-களின் கடைசியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய இந்த ஜீப், அமெரிக்க வில்லிஸ் வண்டியின் வழித்தோன்றல். அது பிறந்த ஊரின் அளவு இஞ்சு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் போர்க்காலத்தில் ஒருவர் போல்ட்டு இன்னொருவர் நட்டில் சேராமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948 நவம்பரில் 60 பாகை யூனிஃபைடு மரைக்கு ஒப்புக்கொண்டார்கள். யூஎன்எஃப் என்பதில் முதல் எழுத்து அந்த யூனிஃபைடுதான்.

அப்போதுதான் முதல் நாள் ஸ்பேனர் நினைவுக்கு வந்தது. 17 போகவில்லை, 18 ஆடியது. மூன்றரை நூல் யூஎன்எஃப் நட்டின் குறுக்களவு பதினாறில் பதினொரு இஞ்சு, அதாவது 17.46 மில்லி. நட்டு முதல் நிமிஷத்திலேயே தன் ஊரைச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஸ்பேனரை வைத்தே மரையை முடிவு செய்துவிடக் கூடாது. 1923-ல் மோரிஸ் கம்பெனி கவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் இன்ஜின் தொழிற்சாலையை வாங்கியது. அங்கே இருந்தவை பிரெஞ்சு மெட்ரிக் மெஷின்கள். விளைவாக, மரை மெட்ரிக்கும் தலை விட்வொர்த் ஸ்பேனருக்குமாக போல்ட்டுகள் 1950-கள் வரை வந்துகொண்டிருந்தன. தலை ஒரு ஊர், உடம்பு ஒரு ஊர். ஸ்பேனர் துப்பு கொடுக்கும், தீர்ப்பு கொடுக்காது.

உறுதி செய்தது

எண்ணிக்கை போதும் என்றாலும், சஸ்பென்ஷன் வேலையில் தாளில் வந்த விடையை மட்டும் நம்ப எனக்கு மனசில்லை. கையில் பிடித்துப் பார்க்க ஒரு மூன்றரை நூல் யூஎன்எஃப் வேண்டும். பாயிடம் அந்த மரை வெட்டும் டேப் இல்லை, விட்வொர்த் டேப்தான் இருந்தது.

இதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும், தெரியாதவர்கள் குறித்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க, மெட்ரிக்கிலேயே செய்த கார்களிலும்கூட, சீட் பெல்ட்டைப் பாடியோடு பிடிக்கும் போல்ட்டு பெரும்பாலும் பதினாறில் ஏழு இஞ்சு, இருபது மரை யூஎன்எஃப். சீட் பெல்ட் தரம் அமெரிக்காவில் இஞ்சில் எழுதப்பட்டு அப்படியே எங்கும் பரவிவிட்டது. ராமநாதபுரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த காரிலிருந்து சீட் பெல்ட் போல்ட்டு ஒன்றும், தூணில் அது ஏறும் வெல்டு நட்டை அந்தத் தகட்டோடு அறுத்தும் வாங்கிவந்தேன்.

சீட் பெல்ட் போல்ட்டையும் யூ-போல்ட்டையும் மரையோடு மரை படுக்கவைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தோம். நீளம் முழுக்க எங்கும் ஒளி கசியவில்லை. அடுத்து ஓர் எம்12×1.25 போல்ட்டை அதேபோல வைத்தோம். ஒரு முனையில் பொருந்தினால் மறுமுனையில் முகடு முகட்டின் தோளில் ஏறி நின்றது. கடைசியாக அந்த வெல்டு நட்டு. யூ-போல்ட்டின் மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் திருகினேன். ஆடாமல், முட்டாமல், கடைசி வரைக்கும் போனது. பாய் வாங்கி இரண்டு தடவை ஏற்றி இறக்கிவிட்டு, “இப்பச் சரி” என்றார். அது அளந்து பார்ப்பதற்கு மட்டும்தான். வண்டியில் போடுவதற்கு இல்லை.

பாய் புதிய யூ-போல்ட்டு தானே செய்து தருவதாகச் சொன்னார். அவருடைய லேத்தில் வெட்டும் கருவியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவுக்கு இஞ்சுக்கு நான்கு மரை. இருபது வெட்ட ஐந்துக்கு ஒன்று என்ற கியர் விகிதம் போதும், கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார். மெட்ரிக் வெட்டத்தான் 127 பல் சக்கரத்தைத் தேட வேண்டும். இருந்தாலும் நான் மறுத்துவிட்டேன். அவர் கையில் குறை இல்லை. யூ-போல்ட்டுக்கு உரிய எஃகும் சூட்டுப் பதமும் நம்மிடம் இருக்கும் கம்பியில் இருக்கிறதா என்று தெரியாமல் ஓர் ஆக்ஸிலை அதில் தொங்கவிடக் கூடாது. உருட்டி எடுத்த மரை, வெட்டி எடுத்த மரையைவிட உழைக்கும் என்பதும் உண்டு.

இந்தத் தடவை மதுரைக் கடையில் கேள்வி எளிதாக முடிந்தது. “ஜீப் யூ-போல்ட்டு, மூணரை நூல், ஃபைன், இருபது மரை.” பேருந்தில் மறுநாளே வந்துவிட்டது. பின் ஆக்ஸிலின் நான்கு யூ-போல்ட்டு, எட்டு நட்டு, இரண்டு சென்டர் போல்ட்டு எல்லாமே புதுசு. ஒருமுறை இழுபட்ட யூ-போல்ட்டைத் திரும்பப் போடுவதில்லை. நான்கு நட்டையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, படிப்படியாக இறுக்கினோம். வெளியே நீட்டியிருக்கும் மரையில் கிரீஸ் தடவி, பழைய ரப்பர் குழாய்த் துண்டைச் செருகினோம். அளந்தபோது இரண்டு பக்க வித்தியாசம் 2 மில்லிமீட்டர்.

இதைப் படிக்கிற பட்டறைக்காரர்களுக்கு இன்னொரு இரட்டையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இன்னும் மோசமானது. அரை இஞ்சு, அதாவது நாலு நூல் யூஎன்எஃப்-க்கும் இஞ்சுக்கு இருபது மரைதான். அந்த நட்டுக்குள் எம்12×1.25 போல்ட்டு கையாலேயே ஏறும், கொஞ்சம் இறுகவும் செய்யும், பாதிக் கடிகூட இருக்காது. பழைய ஜீப்பின் சக்கர நட்டும் நாலு நூல் ஃபைன். போதாததற்கு, பழைய வில்லிஸ் வகையில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. திருப்பும் பக்கம் தெரியாமல் ஸ்டட்டை முறித்தவர்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு.

வண்டியை எடுத்துப்போகும்போது, “ரெண்டு லோடு ஓடினதும் கொண்டாங்க அண்ணே, பட்டை அமுங்கும், மறுபடி இறுக்கணும்” என்று சொல்லியனுப்பினேன். நான்காம் நாள் வந்தார். எட்டு நட்டும் எட்டில் ஒரு சுற்று, சிலது அதற்கும் குறைவாக வாங்கின. சத்தம் இல்லை, ஸ்டியரிங் நேராக இருக்கிறது என்றார். ஐஸ் உருகுகிறது, சீக்கிரம் விடுங்கள் என்று அவசரப்படுத்தினார்.

கையில் பதினாறில் பதினொரு இஞ்சு ஸ்பேனர் இருந்ததால், அப்படியே முன் ஆக்ஸிலுக்கும் போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஏழு நட்டில் சிக்கென்று உட்கார்ந்தது. வலது பக்கம் உள்ளே மறைந்திருந்த எட்டாவது நட்டில் ஏறவே இல்லை. 19 போட்டேன், ஏறியது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, ஐஸ் பெட்டியை இறக்க ஆட்டோவுக்குப் போன் போட்டுக்கொண்டே அவரிடம் சொன்னேன்: “அண்ணே, இன்னைக்கு வண்டியை எடுக்காதீங்க.”